காலோ, முக்காலோ?

முதன்மையெண்களின் பரம்பலை ஆராயப் புகுந்த றீமன் 1859 இல் எடுத்தாண்ட சீற்றாச் சார்பு, மெய்ப்பகுதி அரையாகவுள்ள நேர்கோட்டின்மேல் எத்துணை உயர எழும் என்பது இன்றும் முற்றாகத் தீராத வினாவாகும். ஆயின், அக்கோட்டில் நிலையான நீளமுள்ள சிறிய ஆயிடையொன்றை எழுமாற்றாகத் தெரிந்து, அதனுள் எழும் உச்சத்தை மாத்திரம் வினாவின் விடை தெளிவுபெறுகின்றது. ஈண்டு எழுமாறு என்பது ஆயிடையின் இடத்துக்கே உரியது. சார்போ அணுவளவும் மாறாதது என்பதை மறத்தலாகாது.

இக்கோட்டிற் சார்பினது பருமனின் மடக்கை செவ்வன் பரம்பலை அணுகும் என நிறுவியவர் செல்பேர்க். அண்மைப் பெறுமானங்கள் ஒன்றையொன்று சாரா எனக் கொண்டு இதன்வழிக் கணிப்பின், உச்சமானது உயரத்தின் மடக்கையை, அம்மடக்கையின் மடக்கையது கால் வலுவால் வகுத்த அளவினதாகும். 2012 இல் பியோடொரோவ், ஹியரி, கீற்றிங் ஆகியோர் எழுமாற்றுத் தாயங்களின் சிறப்பியல்புப் பல்லுறுப்பியை ஒப்புமையாகக் கொண்டு, அவ்வலு காலன்று, முக்காலே என ஊகித்தனர். இதற்குக் காரணம் யாது? ஒரு மரத்தின் இரு கிளைகள் அடிமரத்தைப் பகிர்வதுபோல, அண்மையிலுள்ள இரு புள்ளிகளின் பெறுமானங்கள் சிறிய முதன்மையெண்களின் பங்கைப் பொதுவாகக் கொண்டு, பெரியவற்றிலேயே பிரிகின்றன. ஆதலின் சாராமை என்னும் எடுகோள் பொருந்தாது.

ஒப்புமை அழகியதே, எனினும் ஒப்புமை நிறுவலாகாது. கணிப்பொறியாற் சோதித்தல் போதாதோ எனின், போதாது என்க. உயரம் 10 இன் 28 ஆம் வலுவாயின், அதன் இயற்கை மடக்கை ஏறத்தாழ 64.5, அதன் மடக்கை 4.17 மாத்திரமே. இரு விடைகளின் விகிதம் இதன் வர்க்கமூலமாகிய 2.04 ஆகும். இரு கூற்றுகளும் மாறிலிக் காரணியொன்றுக்கு இடம்விடுவன; உச்சமும் ஆயிடைக்கு ஆயிடை வேறுபடுவது. இந்நிலையில் இரண்டு மடங்கு வேறுபாடு எதனை முடிவுசெய்யும்? முதன்மையெண்களின் எண்ணிக்கை மடக்கைத் தொகையீட்டிற் குறைந்தே நிற்பதாகக் கணிப்புகள் காட்டியிருக்க, அவ்வொழுங்கு முடிவிலி தடவைகள் மாறும் என 1914 இல் லிற்றில்வூட்டு நிறுவியமை இங்கு நினைக்கத்தக்கது.

ஆகவே, ஆர்கன், பூர்காட், ரட்சிவில் ஆகியோரின் பணியே இவ்வழக்கிற்குத் தீர்ப்பளித்தது. அவர்கள் 2020 இல் மேல்வரம்பையும் 2023 இல் கீழ்வரம்பையும் வெளியிட்டு, முக்காலை உறுதிசெய்தனர். இந்நிறுவல் உச்சத்தை மாறிலிக் காரணியளவிலே கட்டுகின்றது. ஊகம் உரைத்த பரம்பலின் வடிவம் இதனின் வேறாய நுண்பொருள். அட்டவணையைக் கண்டு அமைதியுறும் மாணவர், அவ்வட்டவணை எவ்வளவு மெதுவாக வளரும் கணியமொன்றைப் பற்றியது என்பதையும் உடன்வினாவுதல் வேண்டும்.