மருந்துச் சாடியின் வனப்பு

கலைப்பொருளின் வனப்பை அதன் பயனினின்றும் பிரித்து மதிப்பிடல் பொருந்துமா என்பது திறனாய்வாளரிடை நெடுங்காலமாக நிலவும் வினா. பழைய ஐரோப்பிய மருந்துக்கடைகளை அணிசெய்த வண்ணச் சாடிகள் இவ்வினாவுக்குத் தெளிவான விடை பகர்கின்றன.

இவற்றுட் பெரிதும் அறியப்பட்டது இத்தாலியர் 'அல்பரெல்லோ' என வழங்கும் உருளைவடிவச் சாடியாகும். மேற்காசியாவின் இசுலாமியக் குயவரிடந் தோன்றிய இவ்வடிவம், ஸ்பானியாவின் வலென்சியாப் பகுதியிலும், 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலும் பெருக வனையப்பட்டது. அதன் இடை சற்றே ஒடுங்கியிருக்கும். தட்டில் நெருங்க நிற்கும் சாடிகளுள் ஒன்றை ஒரு கையாற் பற்றியெடுக்க அவ்வொடுக்கம் உதவிற்று. வெளிநோக்கி வளைந்த விளிம்போ, வாயை மூடிய தோலைக் கயிற்றாற் கட்டுதற்கென அமைந்தது. கண்ணைக் கவரும் வளைவுகள் இரண்டும் கையின் தேவையாற் பிறந்தவையே.

மேற்பூச்சின் நிலையும் அஃதே. வெள்ளீயங் கலந்த வெண்ணிறப் பூச்சு, மருந்து சுவரில் ஊறாது தடுத்தது. ஓவியத்துக்குத் தளமாகவும் அமைந்தது. சுடப்படாத அப்பூச்சு வண்ணத்தை உடனே உறிஞ்சுமாதலின், தீட்டிய கோட்டைத் திருத்தல் அரிது. தயக்கமற்ற கோடு ஈண்டுத் தொழிலின் கட்டாயமாயிற்று.

புளோரன்சு நகரின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனைக்கு 1430-31இல் வனையப்பட்டனவாகக் கருதப்படும் இருகைபிடிச் சாடிகளை நோக்குக. தடித்த நீலநிற ஓக்கிலைகள் பருத்த உடலெங்கும் பரவி அதன் திரட்சியையே எடுத்துக் காட்டுகின்றன. கைபிடியில் அம்மருத்துவமனைச் சின்னமாகிய ஊன்றுகோல் விளங்குகின்றது. அணி, வடிவுக்குப் பணிகின்றது.

16ஆம் நூற்றாண்டில் உர்பீனோக் குயவர் புராண, விவிலியக் கதைகளைச் சாடிமீது தீட்டினர். ஒராத்சியோ பொந்தானாவின் பட்டறையில் உருவாகி, பின்னர் லொரேத்தோத் திருத்தல மருந்துச்சாலையை அடைந்த சாடிகள் இவ்வகையின. தூரிகைத் திறன் வியத்தற்குரியது. ஆயினும் காட்சி வளைவிற் சுற்றியோடுவதால் ஒரே நோக்கில் முழுமையுறுவதில்லை. சாடி ஈண்டு ஓவியத்தைத் தாங்கும் சுவராகிவிட்டது.

காண்போரை மயக்கி நம்பிக்கை ஊட்டுதலும் ஒரு பயனன்றோ எனச் சிலர் வினவலாம். பயனே, ஆனால் அது விற்போன் பயன், நோயாளி பயனன்று. விரியன் பாம்பின் இறைச்சி சேர்ந்த 'தேரியாக்கா' என்னும் மருந்து, சகல நஞ்சுக்கும் மாற்றெனப் போற்றப்பட்டு, எழிலார்ந்த கலங்களில் வீற்றிருந்தது. அக்கலத்தின் எழில் மருந்தின் உண்மைக்குச் சான்றாகவில்லை.

இன்று அச்சாடிகள் அரும்பொருட்சாலைகளில் வெறுமையாய் நிற்கின்றன. எனினும் அல்பரெல்லோவின் ஒடுங்கிய இடை, அதனைப் பற்றிய கையை இன்றும் நினைவூட்டுகின்றது. பயன் ஒழிந்த பின்னரும் பயனை உணர்த்தும் வடிவே நிலைத்த வனப்புடையது.