அச்சகம் செய்த பிழையும் 9.8 என்ற எண்ணும்

ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய ‘அமேசிங் ஃபேன்டஸி’ 15ஆம் இதழ் 1962இல் 12 சென்ட்டுக்கு விற்றது. அதன் 9.6 கிரேடு பெற்ற பிரதி ஒன்று 2021இல் 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கிரேடு சற்றுக் குறைந்திருந்தால் விலை அந்த உயரத்தைத் தொட்டிருக்காது.

இந்த எண்ணை வழங்கும் நிறுவனங்களில் முதன்மையானது, 2000இல் அமெரிக்காவில் தொடங்கிய சிஜிசி. இதழை ஆராய்ந்து, 0.5 முதல் 10 வரை மதிப்பிட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி முத்திரையிட்டுத் தருகிறது. படித்தவர் விட்ட மடிப்பு, ஈரக்கறை, கிழிசல் எதற்கும் அங்கே மன்னிப்பு கிடையாது. அச்சகத்திலேயே நேர்ந்த குறை என்றால் மட்டும் பார்வை இளகுகிறது.

அக்காலக் காமிக்ஸ் மலிவுத் தாளில் லட்சக்கணக்கில் அவசரமாக அடித்துத் தள்ளப்பட்ட சரக்கு. அட்டை கோணலாக மடிந்து, பின்னட்டையின் வெள்ளைப் பட்டை முன்பக்கம் எட்டிப் பார்க்கும். ஸ்டேப்ளர் பின் முதுகை விட்டு விலகி இறங்கியிருக்கும். மழுங்கிய வெட்டுக்கத்தி வலது ஓரத்தைக் கொறித்திருக்கும். அறுபதுகளின் தொடக்கத்து மார்வெல் இதழ்களில் இது அதிகம் என்பதால் ‘மார்வெல் சிப்பிங்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் முழுத் தண்டனை கொடுத்தால் அக்கால இதழ்களில் உயர்ந்த கிரேடு பெறுவது அபூர்வமாகிவிடும். கிரேடு அளப்பது இதழ் எவ்வளவு நன்றாகப் பாதுகாக்கப்பட்டது என்பதை. அச்சகத்தின் அலட்சியத்துக்கு அறுபது ஆண்டு பொத்திப் பாதுகாத்தவரை ஏன் தண்டிக்க வேண்டும்? நியாயமான வாதம். தவறுதலாக இரண்டு அட்டை சேர்த்துப் பின் அடித்த பிரதிகளுக்கு உள்ளட்டையை வைத்தே கிரேடு போடுவதும் இதே தர்க்கம்தான். வெளியட்டை அடி வாங்கி உள்ளட்டையைக் காத்திருக்கிறது. பிழையே அங்கு வரமாகிறது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பின்னுக்கு அருகே ஒரு சிறு கிழிசல். அது இயந்திரம் கிழித்ததா, பையன் ஒருவன் பிரிக்கும்போது கிழிந்ததா? கிழிசல் தன் பிறந்த நாளைச் சொல்லாது. கிரேடர் ஊகிக்கிறார், ஊகம் ஆளுக்கு ஆள் மாறும். அந்த ஊகத்தின் மேல்தான் ஆயிரக்கணக்கான டாலர் வித்தியாசம் ஏறுகிறது.

இன்னொன்று, 9.8 என்றால் அழகான பிரதி என்றே வாங்குபவர் நம்புகிறார். வெள்ளைப் பட்டை தெரியும் 9.8ஐயும், படம் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்த 9.8ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் ஒன்று, இதழ் வேறு. விளையாட்டு அட்டைகளைத் தரம் பிரிக்கும் பிஎஸ்ஏ இதில் நேர்மையானது: படம் நடுவில் இல்லையென்றால் கிரேடு குறையும், அல்லது எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஓசி’ (ஆஃப் சென்டர், அதாவது நடுவிலிருந்து விலகியது) என்ற எழுத்துகள் ஏறும். அதுவும் தொழிற்சாலைப் பிழைதானே! அட்டையைச் சேர்த்தவரும் அதற்குக் காரணமல்ல.

சலுகை பழைய இதழ்களுக்குப் பொருந்தும். புதியவற்றுக்கு ஏன் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இன்றைய அச்சு இயந்திரங்களிடம் நேரான வெட்டை எதிர்பார்ப்பது பேராசையல்ல. நேற்று வந்த இதழின் அட்டை கோணலாக இருந்தால் குறைத்தே மதிப்பிட வேண்டும். பழைய இதழ்களுக்குச் சலுகை தொடரட்டும். ஆனால் அந்தக் குறை என்ன என்பதை லேபிளிலேயே, எண்ணுக்குப் பக்கத்தில், வாங்குபவர் கண்ணில் படும்படி அச்சிட வேண்டும்.