இரட்சணிய யாத்திரிகத்தில் அவநம்பிக்கையும் மன்னிப்புறுதியும்

நெல்லையை அடுத்த கரையிருப்பில் 1827இல் வைணவக் குடியிற் பிறந்து, 1858இல் கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தைப் பனியன் நூலின் தழுவல் என்று மட்டும் கூறி அமைவார் உளர். அக்கூற்று நூலின் உயிர்நிலையைக் காட்டாது.

1678இல் வெளிவந்த ஆங்கில மூலத்தில், பாவச்சுமை தாங்கியவன் அவநம்பிக்கைச் சேற்றில் அமிழ்கின்றான். சிலுவையின் முன் சுமை வீழ்கின்றது. ஆயினும், பின்னர் அவன் அவநம்பிக்கை அரக்கனின் சிறையிற் படுகின்றான். மன்னிப்புப் பெற்றவன் மீண்டும் சோர்வதேன்? சிறையைத் திறக்கும் வாக்குறுதி என்னும் திறவுகோல் முன்னரே அவன் மடியில் இருந்தது. அவன் அதனை மறந்திருந்தான். மன்னிப்பு ஒருமுறை அருளப்படுவது. அதனைத் தெளிதலோ நாள்தோறும் நிகழவேண்டுவது என்பதே இதன் கருத்து.

கிருஷ்ண பிள்ளை இக்கருத்தை இருவகையால் தமிழ்ப்படுத்தினார். மூலத்தில் விரிவாக இல்லாத கிறித்துவின் பாடுகளைக் காவியத்தின் நடுவே விரித்துப் பாடினார். தேவாரம் என்னும் பெயரால் இசைப்பாக்களை இடையிடையே அமைத்தார். முன்னது உறுதிக்கு அடிப்படை; பின்னது அதனை மறவாதிருத்தற்குரிய நெறி. காவிய வருணனை சிற்சில இடங்களில் பாவியின் அச்சத்தை மழுங்கச் செய்வது குறையே. எனினும், ஐயுறும் நெஞ்சினை வாதத்தால் அடக்காது, பத்தியால் ஆற்றிய திறம் தமிழ் மரபின் கொடை எனலாம்.