மறைத்தவரைக் கேட்கிறோம், கேட்டவனை?

பிறப்பை மறைத்து வாழ்வது பற்றிய இரண்டு பிரதிகளைச் சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, டாம் ஸ்டாப்பர்டின் 'லியோபோல்ட்ஸ்டட்' நாடகம் (2020). மற்றது, யாஷிகா தத்தின் ஆங்கிலத் தன்வரலாறு 'கமிங் அவுட் ஆஸ் தலித்' (2019).

ஸ்டாப்பர்ட் 1937இல் செக்கோஸ்லோவாகியாவில் பிறந்தவர். நாஜிகளுக்குத் தப்பிக் குடும்பம் சிங்கப்பூர் போனது. அப்பா போரில் மாண்டார். பையன் டார்ஜிலிங்கில் படித்தான். அம்மா ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரியை மணக்க, 1946இல் இங்கிலாந்துக்காரன் ஆகிவிட்டான். தாத்தா பாட்டி நான்கு பேருமே யூதர்கள், நாஜிகளால் அழிந்தவர்கள் என்பது 1993இல்தான், ஒரு சொந்தக்காரர் சொல்லி, அவருக்குத் தெரியவந்தது. நாடகத்தின் முடிவில், 1955இல் வியன்னா வரும் லியோ என்ற இளைஞன் தன் குடும்பத்தில் யார் யார் எப்படிச் செத்தார்கள் என்று கேட்டு நிற்கிறான்.

யாஷிகாவுக்குக் கண்டுபிடிக்க எதுவுமில்லை. துப்புரவு வேலையில் தள்ளப்பட்ட சாதியில் பிறந்தவர். அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் வளர அம்மாவே பழக்கினார். நியூயார்க்கில் இருந்தபோது, 2016 ஜனவரியில் ரோகித் வெமுலா இறந்த பிறகுதான் தன் சாதியைப் பகிரங்கமாகச் சொன்னார்.

யூத அம்மா பிள்ளையிடமே மறைத்தார். தலித் அம்மா பிள்ளைக்கு மறைக்கக் கற்றுக்கொடுத்தார். இந்த வித்தியாசம்தான் சாதி. பிள்ளைக்குத் தெரியாமல் சாதியை மறைக்க இங்கே ஏது வழி? பள்ளிக்கூடத்தில் சாதிச் சான்றிதழ் கேட்கிறான். ஊர் வேறு, காலனி வேறு என்று பாதையே சொல்லிவிடுகிறது.

யாஷிகாவின் புத்தகத்தில் நமக்கொரு கேள்வி இருக்கிறது. 'வெளியே வருவது' என்றால் முதலில் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். நகரம், ஆங்கிலம், சாதி காட்டாத பெயர் இருந்தவருக்கு அந்த இடம் கிடைத்தது. விருத்தாசலம் பக்கத்துக் காலனியில் இருப்பவருக்கு ஒளியவே இடமில்லை. அவர் அனுபவத்தை இந்தத் தலைப்புக்குள் அடக்க முடியாது.

அதற்காக மறைத்தவரைக் கோழை என்று ஏசுவதை ஏற்க முடியாது. நம் கூட்டங்களிலேயே அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. கடல் தாண்டினாலும் சாதி கூடவே போகிறது. அதனால்தான் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட வேண்டியிருந்தது.

இங்கே வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "எந்த ஊருங்க? ஊர்ல எந்தத் தெரு?" என்கிறான் வீட்டுக்காரன். பதிலை மாற்றிச் சொன்ன பிள்ளையிடம் "ஏன் மறைச்ச?" என்று கேட்கிறோம். "எதுக்குய்யா தெருவக் கேக்குற?" என்று அவனிடம் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?