தேய்ந்த முகங்கள்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு தந்த முகம். காங்கோ ஜனநாயகக் குடியரசின் க்விலு, கசாய் பகுதிகளில் வாழும் பெண்டே மக்கள் இதை 'இகோகோ' என்று அழைத்துக் கழுத்தில் அணிந்தார்கள். நோய் தீரவும் காப்பாகவும் அணிந்தது, பிறகு அழகுக்கான நகையும் ஆயிற்று.

இரு புருவங்களும் நடுவில் கூடி ஒரே கோடாக வளைகின்றன. அதன் கீழே பாதி மூடிய கனத்த இமைகள், சற்றே மேல்நோக்கிய மூக்கு. பழைய இகோகோக்களில் இவை எல்லாம் மழுங்கியிருக்கும். குளிக்கும்போது பதக்கத்தையும் நுண்மணலால் தேய்த்துக் கழுவுவார்களாம். உளி செய்த முகத்தை உடலும் மணலும் ஆண்டுக்கணக்கில் மறுபடி செதுக்கியிருக்கின்றன. புதிதாகச் செதுக்கிய கூர்மையைவிட எனக்கு இந்தத் தேய்மானமே பிடிக்கிறது. அதில் ஒருவர் வாழ்ந்த காலம் இருக்கிறது.

இந்தச் சிறு முகங்களுக்கு மூலம் மர முகமூடிகள். சிறுவர்களுக்கு விருத்தசேதனம் செய்து, ஊருக்கு வெளியே முகாமில் வைத்துப் பெரியவர்களாக்கும் 'முகாண்டா' சடங்கோடு தொடர்புடையவை அவை. மரத்தில் செய்து, டுகுலா என்ற செந்நிறப் பொடி பூசி, ராஃபியா நாரால் தலைமுடி அமைப்பார்கள்.

புதிய முகமூடி பிறக்கும் விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. கலை வரலாற்றாளர் ஸோயி ஸ்ட்ரதர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் அதை விளக்குகிறார்: முதலில் ஆட்டக்காரரும் முரசடிப்பவர்களும் ஆட்டத்தையும் தாளத்தையும் உருவாக்குகிறார்கள், பிறகு உடை, அதற்கெல்லாம் பொருந்தும் முகத்தைச் சிற்பியிடம் கேட்பது அதன் பின்னர்தான். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் நாம் பார்ப்பது அந்த ஆட்டத்தின் கடைசித் துண்டு மட்டுமே.