ஒரு கேள்வியும் ஒரு பதிலும்

கோர்ட்டுத் தீர்ப்புகளை நான் கதை படிப்பது போலத்தான் படிக்கிறேன். சட்டம் படித்தவர்கள் சிரிக்கலாம். யார் எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விழுங்கினார் என்று பார்க்கிற பழக்கம் நாவல் எழுதுகிறவனை விட்டுப் போவதில்லை.

1976 ஏப்ரல் 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த ஜபல்பூர் வழக்குத் தீர்ப்பை மறுபடியும் படித்தேன். நெருக்கடி நிலைக் காலம். மிசா சட்டத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். விசாரிக்கலாம் என்று ஒன்பது ஹைகோர்ட்டுகள் சொல்லிவிட்டன. சர்க்கார் அப்பீலுக்குப் போயிற்று. ஜனாதிபதியின் உத்தரவு அமலில் இருக்கும்வரை, தன்னை அடைத்தது சட்டப்படிதானா என்று கேட்டு எவனும் கோர்ட்டுப் படி ஏற முடியாது என்பது அதன் கட்சி.

சர்க்காருக்காக வாதாடியவர் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. ஜஸ்டிஸ் எச். ஆர். கன்னா அவரிடம் கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையை வைத்து ஒருவனைக் கொன்றுவிட்டால்? அப்போதும் பரிகாரம் இல்லையா? என் வாதத்தின்படி, நெருக்கடி நிலை இருக்கிறவரை இல்லை என்றார் டே. அது தம் மனச்சாட்சியையும் உலுக்குகிறது என்றும் சொன்னார்.

இந்தப் பதிலுக்காக அவரை ஏசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அவர் அங்கே நின்றிருக்கவே கூடாது என்றால் அது வேறு விஷயம். அடிஷனல் சொலிசிட்டர் ஜெனரலாயிருந்த பாலி நரிமன் 1975 ஜூனிலேயே ராஜினாமாச் செய்துவிட்டார். அது பெரிய காரியம். ஆனால் நின்று வாதாடுவதென்று தீர்மானித்த வக்கீலுக்கும் ஒரு கடமை பாக்கி இருக்கிறது: தன் வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நீதிபதியிடம் மறைக்கக் கூடாது. சாமர்த்தியசாலி ஒருவர், 'அந்தக் கேள்வி இந்த வழக்கில் எழவில்லை, மை லார்ட்' என்று நழுவியிருப்பார். டே நழுவவில்லை. கிணற்றின் மூடியைத் திறந்தே காட்டிவிட்டார்.

எட்டிப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. மனித உரிமையைப் பற்றி நிறையப் பேசக்கூடிய சக நீதிபதிகள் வாயடைத்து உட்கார்ந்திருந்ததாகக் கன்னா தம் சுயசரிதையில் எழுதுகிறார். நால்வர் சர்க்கார் பக்கம் எழுதினார்கள். அவர்களில் பேக், கைதிகளுக்கு நல்ல சாப்பாடு, நல்ல ஜாகை, கிட்டத்தட்டத் தாயின் பராமரிப்பு என்கிறார். நாவலில் ஒரு பாத்திரம் இப்படிப் பேசினால், ஆசிரியர் கேலியை மிகைப்படுத்திவிட்டார் என்பீர்கள். ஒய். வி. சந்திரசூடோ, கொடுமை எதுவும் நடக்காது என்ற தம் நம்பிக்கையை வைரத்துக்கு ஒப்பிடுகிறார். கேட்கப்பட்ட கேள்வி கொலையைப் பற்றியது. வந்தது நகைக்கடைப் பாஷை!

கன்னாவின் தனித் தீர்ப்பில் இப்படி ஒப்பனை கிடையாது. சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவன் உயிரைப் பறிக்க சர்க்காருக்கு உரிமையில்லை, அரசியல் சாசனத்தின் 21-ஆவது ஷரத்து இல்லாவிட்டாலும் இல்லை என்று வறட்டு நடையில் சொல்கிறார். நால்வரும் தாண்டிப்போன அந்தக் கேள்வியை அவர் மட்டுமே கடைசிவரை விடாமல் பிடித்திருக்கிறார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி பேக்கைப் பிரதம நீதிபதியாக நியமித்தார்கள். கன்னா ராஜினாமாச் செய்தார்.

2017 ஆகஸ்டில், அந்தரங்க உரிமை வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து ஜபல்பூர் தீர்ப்பைத் தள்ளினார்கள். அது பெரும் பிழை என்று எழுதியவர் டி. ஒய். சந்திரசூட், ஒய். வி. சந்திரசூடின் மகன். பழைய ஐவரில் கடைசியாக மிஞ்சியிருந்த பகவதி, தாம் செய்தது தவறு என்று 2011-இல் ஒப்புக்கொண்டவர், அதே வருஷம் ஜூனில்தான் காலமாகியிருந்தார்.