மணம் செய்து வைப்பவர் யார்? – 1872-ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பற்றிய ஒரு திறனாய்வு

இறுதி ஆண்டு மாணவர்களுக்குச் சபை நிர்வாகப் பாடம் நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழுகிறது: "ஐயா, அபிஷேகம் பெற்ற மறுநாளே நாங்கள் திருமணம் நடத்தலாமா? அரசாங்கத்தாரிடம் தனியே அனுமதி வாங்க வேண்டுமா?" திருமுழுக்கைப்பற்றியோ திருவிருந்தைப்பற்றியோ எவரும் இப்படிக் கேட்பதில்லை. அவற்றை நடத்தும் அதிகாரம் திருச்சபையினின்று வருகிறது என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. திருமணத்தில் மட்டும் அங்கிக்குப் பின்னால் அரசாங்க முத்திரை ஒன்று நிற்பதை அவர்கள் உணர்கிறார்கள். அக்கேள்விக்குரிய விடை 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் இருக்கிறது. நம்மில் பலர் அதன் படிவங்களை நிரப்பியிருக்கிறோமேயன்றிச் சட்டத்தை வாசித்ததில்லை. வேதபகுதியொன்றைச் சொல் சொல்லாக ஆராய்வதுபோல் இதனையும் ஒரு நூற்பகுதியாக எடுத்து வாசித்தால், நம்முடைய குருத்துவத்தைப்பற்றியே சில சங்கடமான உண்மைகள் வெளிப்படும்.

திருமணம் நடத்தத் தகுதியுடையோர் யாவர் என்பதை ஐந்தாம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. முதலில் நிற்பவர் பேராயரால் அபிஷேகம் பெற்றவர். அவர் தம் திருச்சபையின் விதிகளின்படியும் வழக்கங்களின்படியும் நடத்தவேண்டும். அடுத்தவர் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் குரு. மூன்றாமவர் இச்சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற போதகர். அதன்பின் அரசு நியமிக்கும் திருமணப் பதிவாளர். இறுதியில், இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் திருமணச் சான்றிதழ் வழங்க உரிமம் பெற்ற ஒருவர். அன்றைய ஆட்சியாளரின் தாய்நாட்டில் எந்தத் திருச்சபைக்கு எந்த நாற்காலி போடப்பட்டிருந்ததோ, அந்த நாற்காலிகளே இங்கும் வரிசையாகப் போடப்பட்டுள்ளன. தேவ அழைப்பு, சபையின் ஏற்பு, வார்த்தையின் ஊழியம் என்று அபிஷேகத்தைக் குறித்து நாம் வகுப்பில் கற்பிப்பவற்றுள் ஒன்றேனும் இவ்வரிசைக்குக் காரணமில்லை.

1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஒருமைப்பாட்டுப் பேச்சுகளில் பேராயத்துவமே நெடுநாள் விவாதத்துக்குரிய பொருளாயிருந்தது. பேராயரின்றி முன்னரே அபிஷேகம் பெற்றிருந்தவர்களை மறு அபிஷேகமின்றி ஏற்றுக்கொள்வதென்று கடைசியில் முடிவாயிற்று. ஆகவே அன்று ஒரே பீடத்தண்டை நின்ற இரு குருமாரைத் திருச்சபை வேறுபடுத்தவில்லை. சட்டமோ ஒருவரை முதல் வகையிலும் மற்றவரை உரிமம் பெற்றவர் வகையிலும் வைத்தது. அத்தலைமுறை கடந்துவிட்டது. இன்று நமக்கு விண்ணப்பம் வேண்டுவதில்லை. ஆனால் அடுத்த தெருவிலுள்ள பெந்தெகொஸ்தே சபைப் போதகர் ஆறாம் பிரிவின்படி மாநில அரசிடம் உரிமம் பெற்றாக வேண்டும். கொடுத்ததை அரசு திரும்பப் பெறவும் கூடும். இவ்வேறுபாட்டைச் சொல்லி நம்மவர் சிலர் பெருமிதம் கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ஆங்கிலேயன் போட்டுவிட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அப்போஸ்தலப் பின்னுரிமையைப்பற்றிப் பேசுவது நமக்கு அழகன்று.

சட்டத்தின் பக்கமும் நியாயம் உண்டு. இங்கிலாந்தில் 1753-க்கு முன் லண்டன் ஃபிளீட் சிறைச்சாலையைச் சுற்றியிருந்த குருமார் சிலர், பணம் கொடுத்த எவருக்கும் எந்நேரத்திலும் மணம் முடித்து வைத்தனர். கைவிடப்பட்ட பெண்களும் உரிமையிழந்த பிள்ளைகளும் பெருகவே, ஹார்டுவிக் பிரபுவின் சட்டம் வந்தது. ஓலை வாசிப்பும் கோவிலும் கட்டாயமாயின. மீறிய குருவுக்குத் தீவாந்தர சிட்சை விதிக்கப்பட்டது. நம் சட்டத்தின் 68-ஆம் பிரிவு அதன் வழித்தோன்றலே. அதிகாரமின்றித் திருமணம் நடத்துபவருக்குப் பத்து ஆண்டுவரை சிறைத்தண்டனை என்று அது சொல்லுகிறது. சங்கிலி கனமானது; அதைச் செய்வதற்குக் காரணமாயிருந்தவர்கள் நம் வகுப்பாரே என்பதை மறக்கலாகாது.

இனி மையப் பொருளுக்கு வருவோம். திருமணத்தை உண்டாக்குவது எது? "ஐயர் கலியாணம் செய்து வைத்தார்" என்பது நம் சபையாரின் பேச்சு. இத்தொடரில் எழுவாயாக நிற்பவர் குருவானவர். மணமக்களோ அவருடைய செய்கைக்கு ஆட்படுபவர்கள். நாமும் நாளடைவில் இவ்விலக்கணத்தை நம்பிவிடுகிறோம். மேலைத் திருச்சபையின் பழைய போதனை அப்படியன்று. மணமக்களின் சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது என்பதே அது. 1563-இல் திரெந்து சங்கம் பங்குக் குருவும் சாட்சிகளும் இருந்தாகவேண்டும் என்று விதித்தபோதும் சம்மதத்தின் இடத்தில் குருவை வைக்கவில்லை. லூத்தர் 1529-இல் எளிய போதகர்களுக்கென்று எழுதிய திருமணக் கையேட்டில் திருமணத்தை உலகக் காரியமென்றே கூறி, அதன் ஒழுங்குகளை ஆட்சியாளரிடம் விட்டுவிடுகிறார். மணமக்கள் ஜெபத்தையும் ஆசீர்வாதத்தையும் நாடி வரும்போது அவற்றை மறுக்கலாகாது என்பதே குருவுக்கு அவர் காட்டும் கடமை.

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு சட்டத்தின் இரண்டு பிரிவுகளை அருகருகே வைத்து வாசிக்க வேண்டும். உரிமம் பெற்ற போதகர் நடத்தும் திருமணங்களைப்பற்றியது 25-ஆம் பிரிவு. முன்னறிவிப்பும் சான்றிதழும் முடிந்தபின், போதகர் தமக்குத் தகுதியென்று தோன்றும் எந்த முறையிலும் திருமணத்தை நடத்தலாம். அவரைத் தவிர இரண்டு சாட்சிகள் இருந்தால் போதும் என்கிறது. மணமக்கள் என்ன சொல்ல வேண்டும் என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. முறை முழுவதும் போதகரின் விருப்பம். தனிச்சபைத் திருமணம் ஒன்றுக்கு நான் விருந்தினனாய்ச் சென்றிருந்தேன். பிரசங்கம் ஒரு மணி நேரம் நடந்தது. சாட்சிகள், பாடல்கள், வாழ்த்துரைகள் தொடர்ந்தன. மணமக்களின் வாய்ச்சொல்லாக நான் கேட்டது "ஆமென்" ஒன்றே. சட்டப்படி அதில் குற்றமில்லை.

இப்பொழுது 60-ஆம் பிரிவைப் பாருங்கள். வரிசையில் கடைசியாக நின்ற அந்த உரிமக்காரருக்கு உரிய பகுதி இது. அவர் குருவாயிருக்க வேண்டுமென்பதில்லை. ஒன்பதாம் பிரிவின்படி எந்தக் கிறிஸ்தவருக்கும், பெயரைச் சொல்லியோ வகிக்கும் பதவியைச் சொல்லியோ, அரசு இவ்வுரிமத்தை வழங்கலாம். ஓலைச்சுவடியும் வேதபுத்தகமுமாக ஊர் ஊராய் நடந்த ஓர் உபதேசியாரையும் இவ்வாசல் உள்ளே விடும். சுதேசிகளுக்கு இவ்வளவு போதும் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்ட பகுதி என்பதில் எனக்கு ஐயமில்லை. மணமகனுக்குப் பதினாறு, மணமகளுக்குப் பதின்மூன்று வயது கடந்திருந்தால் போதுமென்று முதலில் இருந்ததே அம்மனப்பான்மைக்குச் சான்று. 1978-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரே இன்றுள்ள 21-உம் 18-உம் வந்தன. ஆயினும் மணமக்கள் தாங்களே பேசவேண்டும் என்று விதிப்பது இப்பிரிவுதான். உரிமக்காரர் முன்னிலையிலும் நம்பத்தக்க இரு சாட்சிகள் முன்னிலையிலும், சர்வவல்ல தேவனின் சமுகத்தில், கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதற்குச் சாட்சியாயிருக்கும்படி அங்கிருப்போரை மணமகன் அழைக்கிறான், மணமகளும் அழைக்கிறாள். உரிமக்காரர் எதையும் உண்டாக்குவதில்லை. கேட்கிறார்; கேட்டதற்குச் சான்று எழுதுகிறார். திருமண இறையியலைச் சட்டத்திலே தேடுவோமானால் அது பேராயர் வகையிலன்று, உபதேசியார் வகையிலேயே அகப்படுகிறது.

பதிவாளர் முன் நடக்கும் திருமணத்திலும் இதற்கொத்த உறுதிமொழி உண்டு. ஆனால் அங்கே ஆண்டவருடைய நாமம் இல்லை.

நம்முடைய வழிபாட்டு முறை இதைக் கைவிட்டதென்று சொல்லமாட்டேன். 1963-இல் வெளிவந்த தென்னிந்தியத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில் சம்மதக் கேள்வியும் உடன்படிக்கை வார்த்தைகளும் தக்க இடத்தில் இருக்கின்றன. குறை நூலில் இல்லை, நடத்துகிறவரிடத்தில் இருக்கிறது. பிறரைச் சொல்வானேன்? குருத்துவம் பெற்ற முதல் ஆண்டில், தெற்கத்திச் சிற்றூர் ஒன்றில் மாலைத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் வந்த பேருந்து வழியில் நின்றுபோயிற்று. அவர்கள் கோவிலில் நுழைந்தபோது மணி ஆறரை. காலை ஆறிலிருந்து மாலை ஏழுக்குள் நடத்த வேண்டும் என்ற பத்தாம் பிரிவும், மீறினால் மூன்று ஆண்டுவரை சிறை என்ற 69-ஆம் பிரிவும் என் மனத்தில் மணியடித்துக்கொண்டிருந்தன. பிந்திய நேரத்தில் நடத்தத் தனி அனுமதி எதுவும் என்னிடமில்லை. விரைந்து நடத்தினேன். உடன்படிக்கை வார்த்தைகளை நானே ஓட்டமாய்ச் சொன்னேன், மாப்பிள்ளை முணுமுணுத்தார், பெண்ணின் உதடு அசைந்ததா என்று நான் பார்க்கவில்லை. தாலி ஏறிற்று, குலவை எழுந்தது, ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பதிவேட்டில் கையொப்பம் வாங்கினேன். வெற்றி பெற்றவன்போல் அன்றிரவு உறங்கினேன்.

77-ஆம் பிரிவைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே கருத்தாய் வாசித்தேன். நான்காம், ஐந்தாம் பிரிவுகளின்படி நடந்த திருமணம், நேரம், இடம், அறிவிப்பு, பதிவு, பிறருடைய இசைவு ஆகியவற்றில் நேர்ந்த முறைகேட்டினால் மட்டும் செல்லாததாகாது என்கிறது அப்பிரிவு. ஏழு மணி கடந்திருந்தால் தண்டனை எனக்கு வந்திருக்கலாம். அவர்களுடைய திருமணத்துக்கு ஒன்றும் வந்திராது. என்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அப்பெண்ணின் வாய்ச்சொல்லை நான் எடுத்துக்கொண்டேன்.

பெற்றோர் இசைவைப்பற்றிய 19-ஆம் பிரிவையும் ஒரு வார்த்தை சொல்லிச் செல்கிறேன். இச்சட்டத்தில் 21 வயது நிரம்பாதவர், கணவனையோ மனைவியையோ இழந்தவரல்லாதபட்சத்தில், மைனர். பதினெட்டு வயதுப் பெண் மணம்புரியத் தகுதியுடையவள், வாக்களிக்கத் தகுதியுடையவள். உரிமம் பெற்ற போதகரிடம் வந்தாலோ தகப்பனுடைய இசைவு வேண்டும். தகப்பன் இல்லையேல் காப்பாளர். காப்பாளரும் இல்லையேல் தாய். பெற்று வளர்த்தவள் மூன்றாவதாக நிற்கிறாள். இதைத் திருத்தக் கோரும் தீர்மானத்தை நம் பேரவைகள் நிறைவேற்றுவதற்கு எந்த இறையியற் தடையும் எனக்குத் தெரியவில்லை.

மாணவர்களின் கேள்விக்கு வருகிறேன். ஆம், நடத்தலாம், முதல் வகையின்கீழ் உங்களுக்குத் தனி உரிமம் வேண்டுவதில்லை. இதைச் சொல்லிவிட்டு, திருமண ஒழுங்கு முறையை எடுத்து, குருவானவர் பேசும் வரிகளையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு எஞ்சியதை வாசிக்கச் சொல்லுகிறேன். ஓலை வாசிக்கு முன் நான் மேற்கொள்ளும் வழக்கத்தையும் அவர்களுக்குச் சொல்வதுண்டு. மணமகளைக் குருமனைக்கு வரவழைத்து, உறவினரை முற்றத்தில் இருத்திவிட்டு, ஐயரம்மா உடனிருக்க, "இவரை ஏற்க உனக்கு மனமுண்டா, அம்மா?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் நாணத்தோடு ஒரு தலையசைப்பு வரும். அதை வார்த்தையாய்ச் சொல்லும்வரை காத்திருக்கிறேன். ஒருமுறை ஒரு பெண் வெகுநேரம் பேசாதிருந்துவிட்டு, "இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லையே, ஐயா" என்றாள். அந்த ஞாயிறு அவளுடைய ஓலை வாசிக்கப்படவில்லை.